வேம்புலி கூட்டி வந்த ஆட்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே முப்பது பேர் இருப்பார்கள். அதில் இருபத்தொன்பது பேரை எனக்குப் பிடிக்காது. காலை ஒன்பது மணிக்கு போன் செய்து, "குட் மார்னிங் சார், ஆள் ஏதாவது வேணுமா?" என்று ஆரம்பிப்பார்கள். பத்துப் பேர் வேண்டும் என்றால் பதினைந்து பேரை வேனில் அடைத்துக்கொண்டு வந்து கேட்டில் இறக்குவார்கள். ஒரு மாதத்துக்குள் அதில் எட்டுப் பேர் காணாமல் போவார்கள். மறுபடியும் ஒன்பது மணிக்கு போன் வரும்.

மீதியிருக்கும் ஒருவர் வேம்புலி. அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் கோகுல்நாத். ராஜபாளையத்துக்காரன், இப்போது குடியிருப்பது ஐயப்பன்தாங்கலில் ஒரு பிளாட்டில். கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தரும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடமாக ஆள் விவகாரங்களைப் பார்க்கிறேன். வேலைக்கு எடுப்பது, லீவு கொடுப்பது, லைனில் சண்டை வந்தால் விலக்கிவிடுவது எல்லாம் என் தலையில்தான். எனக்கு முன்கோபம் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். இருநூறு பேருக்கு லீவு கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

வேம்புலிக்கு வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகை. அவருடைய அப்பா காலத்தில் நெல் போட்ட நிலம் பிளாட்டாகி, வந்த பணம் ஏழு பங்காளிகளுக்கு நடுவில் பிரிந்து, வேம்புலியின் கைக்கு வந்தது ஒரு ஷேர் ஆட்டோ வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. பதினான்கு வருடம் ஆவடிக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவில் அந்த வண்டியை ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து வருகிற பெண்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். யார் வேலையை விடப் போகிறாள், ஏன் விடப் போகிறாள் என்பது கம்பெனிக்குத் தெரிவதற்கு முன்பே டிரைவருக்குத் தெரிந்துவிடும்.

"பத்துல ஒர்த்தர்தான் சார் சம்பளம் பத்தலன்னு வேலய வுடுறது. மீதி ஒம்போது பேரும் பஸ்ஸாலதான் வுடுறாங்கோ" என்பார். இதை அவர் முதல் தடவை சொன்னபோது நான் சிரித்தேன்.

முதுகு வலி வந்து வண்டியை விற்ற பிறகு ஆள் சேர்க்கும் தொழிலில் இறங்கினார். ஆவடி மார்க்கெட் பக்கத்தில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மாடியில் ஓர் அறை. வாசலில் 'வி.பி. மேன்பவர்' என்று பலகை. வி என்றால் வேம்புலி, பி என்றால் அவர் மனைவி பொன்னம்மாள். போன் எடுப்பது பொன்னம்மாள். அவர் "அல்லோ" என்று சொன்னால் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று நமக்கே தோன்றும்.

எங்கள் கம்பெனிக்கு அவர் முதன்முதலாக ஆள் கொண்டுவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் கேட்டது பன்னிரண்டு பேர். வந்தது ஏழு.

"மிச்சம் அஞ்சு பேர் எங்க?" என்று சத்தம் போட்டேன்.

"கீறாங்கோ சார். ஆனா அவங்களுக்கு பஸ் சரியில்ல. இட்டாந்தா ஒரு மாசம் நிப்பாங்கோ, அப்பால பூடுவாங்கோ. உனுக்கும் பேஜாரு, எனுக்கும் பேஜாரு."

சார் என்றும் சொல்வார், நீ என்றும் சொல்வார், இரண்டையும் ஒரே மூச்சில். இது எந்த ஊர் மரியாதை என்று அன்றைக்கு நொந்துகொண்டேன். ஆனால் அந்த ஏழு பேரில் ஆறு பேர் இன்றைக்கும் எங்கள் லைனில் இருக்கிறார்கள். ஏழாவது பெண் கல்யாணமாகி வேலூருக்குப் போனாள்.

அவருடைய வேலைமுறை வேறு யாரிடமும் நான் பார்க்காதது. மற்றவர்கள் ஆட்களின் பெயர், படிப்பு, வயது என்று பட்டியல் வைத்திருப்பார்கள். வேம்புலியின் நோட்டில் மேலே எழுதியிருப்பது பஸ் ஸ்டாப்பின் பெயர். அதற்குக் கீழேதான் ஆட்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு. 'பையன் பால்வாடி ஒம்போது மணி.' 'ஊட்டுக்காரர் நைட் டூட்டி, காலைல ஆறுக்கு வருவார்.' 'அஞ்சு பத்து வண்டி மழை பெய்ஞ்சா வராது.' புதிதாகச் சேருகிற பெண்ணை முதல் நாள் தனியாக அனுப்ப மாட்டார். அவளுடைய வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாப்பில் போய் நிற்பார், அவளோடு பஸ்ஸில் ஏறுவார், மாற வேண்டிய இடத்தில் மாறுவார், எங்கள் கேட் வரைக்கும் வந்து கடிகாரம் பார்ப்பார். பஸ் டிக்கெட் பெண்களுக்கு இலவசம், அவருக்குத்தான் காசு. வேலைக்குச் சேர்க்கும் முன் அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் ஒரு நடை போய், "இத்தன மணிக்கு வேல வுட்ரும், இத்தன மணிக்கு ஊட்டுக்கு வந்துரும்" என்று மாமியாரிடமோ கணவனிடமோ சொல்லிவிட்டு வருவார்.

எங்கள் கம்பெனி வேன் ஒன்று சென்னீர்குப்பம், பூந்தமல்லி பக்கம் போய்ப் பெண்களை ஏற்றி வரும். அந்தப் பக்கத்து ஆட்களைக்கூட பஸ் நேரம் பார்த்துத்தான் சேர்ப்பார். "வேன் கம்பெனியோடது சார், இன்னிக்கி வரும், நாளைக்கி நின்னுபூடும். பஸ் அப்டி இல்ல" என்பார். வெட்டி வேலை என்று நினைத்தேன்.

இந்தத் தொழிலில் வருமானம் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சம்பளத்தை ஆட்களுக்கு நாங்களே நேராகக் கொடுக்கிறோம். ஆள் சேர்த்துவிடுகிறவருக்கு, சேரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முறை மட்டும் கமிஷன். சேர்ந்தவர் இருபது வருடம் இருந்தாலும் அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. ஆக, யாராவது வேலையை விட்டால்தான் அந்த இடத்துக்கு இன்னொருவர் தேவைப்படுவார், அப்போதுதான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். நல்ல ஆளாகப் பார்த்துச் சேர்த்தால் தனக்கே நஷ்டம். இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஆட்கள் நிலைக்கவில்லையே என்று எங்களைப் போன்றவர்கள் மீட்டிங் போட்டுப் புலம்புவோம்.

வேம்புலி சேர்த்த ஆட்கள் அதிகம் விட்டுப் போவதில்லை. ஆனால் எஸ்டேட் பெரியது. ஏதாவது ஒரு கம்பெனியில் ஏதாவது ஒரு ஏஜெண்டின் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த இடங்களை நிரப்பி அவர் பிழைத்துவந்தார்.

அப்புறம் எங்கள் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம் ஏறியது. ஒரேயடியாக ஏறியது என்று முதலாளிகள் சொன்னார்கள். இப்போதாவது ஏறியதே என்று லைனில் சொன்னார்கள். எனக்கு இரண்டு பக்கமும் தலையாட்ட வேண்டிய உத்தியோகம்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆட்கள் வேலையை விடுவது நின்றுபோனது. முன்பெல்லாம் பக்கத்துக் கம்பெனியில் முந்நூறு ரூபாய் அதிகம் என்றால் போய்விடுவார்கள். இப்போது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சம்பளம், கையில் வாங்கும்போது கொஞ்சம் கனமாக இருக்கிற சம்பளம். யார் விடுவார்கள்? இன்னொரு பக்கம், செலவு ஏறிவிட்டது என்று கம்பெனிகள் புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்தின. எஸ்டேட் முழுக்க இதே கதை. மாதம் முப்பது பேரைச் சேர்த்துவந்த வேம்புலி, அந்த வருடம் ஆடி மாதத்தில் சேர்த்தது மூன்று பேர்.

காலை ஒன்பது மணி போன்கள் குறைந்தன. நான்கைந்து ஏஜெண்டுகள் பலகையைக் கழற்றினார்கள். சிலர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வேலைக்கு இப்போது மதிப்பு கூடிவிட்டதல்லவா, அதனால் வேலை தேடி வருகிறவர்களிடமே பணம் கேட்க ஆரம்பித்தார்கள். 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று அதற்குப் பெயர். வேம்புலியின் மச்சான் தங்கவேலும் இதே தொழில்தான். ஆளுக்கு மூவாயிரம் வாங்கினார், புது பைக் வாங்கினார், வேம்புலிக்கும் புத்தி சொன்னார்.

"மாமே, அவங்க சம்பளம் ஏறிச்சில்ல? அதுல ஒரு மாசத்துக்கு கொஞ்சூண்டு நமுக்கு குடுத்தா இன்னா? எல்லாரும் வாங்கிக்கினுதான கீறாங்கோ."

"நான் அவங்க ஊட்ல குந்திகினு டீ குடிச்சிட்டு வந்தவன்டா. அதே ஊட்ல போய் மூவாயிரம் குடுன்னு எப்டிடா கேப்பேன்?" என்றாராம் வேம்புலி.

இதைப் பொன்னம்மாள்தான் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, கணவரைப் பார்த்து, "ஒண்ணும் இல்லன்னா என்னியவே ஏதாச்சும் ஒரு கம்பெனில சேத்து வுட்ரு. அந்தக் கமிசனாவது வரும்" என்றார். வேம்புலி சிரித்தார். ஆனால் அந்த அறைக்கு வாடகை கொடுப்பதே திண்டாட்டமாக இருந்தது என்பது அவர் மனைவியின் குரலிலேயே தெரிந்தது. ஆட்டோவை விற்றாகிவிட்டது. முதுகு இருக்கிற நிலைமையில் மறுபடி ஓட்டவும் முடியாது. இந்தத் தொழில் போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

எங்கள் பேக்டரி மேனேஜர் ஜானகிராமன் நல்ல மனிதர், ஆனால் தாள் நிறைய எண்களைப் பார்த்தால் மனிதர்களை மறந்துவிடுவார். சம்பளம் ஏறியதைச் சரிக்கட்ட ஏதாவது வழி சொல் என்று என்னைக் கேட்டார். நான் ஒரு வாரம் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தேன். ஒன்று, கம்பெனி வேனை நிறுத்துவது. இரண்டாவது, காலை ஆறரைக்குத் தொடங்கும் ஷிப்டை ஆறு மணிக்கு மாற்றுவது. அப்படி மாற்றினால் இரண்டாவது ஷிப்ட் பத்து மணிக்கே முடிந்துவிடும், பத்தைத் தாண்டினால் தர வேண்டிய இரவுப்படியைக் கொடுக்க வேண்டியதில்லை. சென்னீர்குப்பத்திலிருந்து எங்கள் கேட்டுக்கு எவ்வளவு நேரம் என்று செல்போனில் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம் என்றது. அது பைக்கில் போகிறவனுக்குச் சொல்லும் நேரம். எனக்கு அது தோன்றவே இல்லை. ஜானகிராமன் முதுகில் தட்டிக்கொடுத்தார். திங்கட்கிழமை முதல் வேன் கிடையாது, ஷிப்ட் ஆறு மணிக்கு, ஆறு ஐந்துக்கு கேட் மூடப்படும், தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் கிடையாது என்று சர்க்குலர் அடித்து, என் கையெழுத்தைப் போட்டு ஒட்டினேன்.

சனிக்கிழமை வேம்புலி வந்தார். கையில் அந்த நோட்டு.

"சார், பூந்தமல்லி ரூட்ல நாப்பத்தோரு பேர் கீறாங்கோ. ஒர்த்தரால கூட ஆறு மணிக்கு வர முடியாது."

"முன்னாடி பஸ்ல ஏறச் சொல்லுங்க அண்ணே."

"முன்னாடி பஸ் இருந்தா நான் எதுக்கு சார் வர்றேன்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆள் சேர்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது, ஷிப்ட் போடுவது என் வேலை என்று சொன்னேன். இன்னும் கொஞ்சம் மோசமாகவே சொன்னேன், அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை.

"சரி சார். திங்கக்கெழம ஒரே ஒரு நாளு என்கூட வா. முதல் நாள் எல்லாரோடயும் போறேன்ல, உங்கூடயும் வரேன்."

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு சென்னீர்குப்பம் ஸ்டாப்பில் டீக்கடை ஓரமாக பைக்கை நிறுத்தினேன். வேம்புலி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். பெங்களூர் ரோட்டில் லாரிகள் காது கிழியப் போய்க்கொண்டிருந்தன. ஐந்து பதினேழுக்கு அகல்யா ஓடிவந்தாள். எங்கள் லைனில் மூன்று வருடமாக இருப்பவள். டிபன் பையைத் தோளில் மாட்டியபடி என்னைப் பார்த்ததும் பயந்துபோய் நின்றுவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

"மாமியார் பூந்தமல்லி மார்க்கெட்ல பூ எடுத்துகினு அஞ்சேகாலுக்குத்தான் சார் வருவாங்கோ. பாப்பாவ அவங்க கைல குடுத்துட்டுத்தான் வரணும். ஊட்டுக்காரர் லாரில போய்க்கீறார்" என்றாள்.

ஐந்து இருபதுக்கு வரவேண்டிய பஸ் ஐந்து இருபத்து மூன்றுக்கு வந்தது. உள்ளே எங்கள் கம்பெனிப் பெண்களே பதினைந்து பேர் இருந்தார்கள். வேலப்பன்சாவடி, வானகரம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறினார்கள். எல்லோருக்கும் வேம்புலியைத் தெரிந்திருந்தது. ஒருத்தி தன் பையனின் காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி, அவள் தங்கைக்கு வேலை இருந்தால் சொல்லச் சொன்னாள். என்னிடம் யாரும் பேசவில்லை. மதுரவாயலில் இறங்கி, எஸ்டேட் போகும் வண்டிக்காக நின்றோம். பன்னிரண்டு நிமிடம் நின்றோம். எனக்கு அந்த ஒவ்வொரு நிமிடமும் உறைத்தது. அந்த வண்டியில் நிற்க இடமில்லாமல் படியில் தொற்றிக்கொண்டு வந்தேன். எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கி நடையும் ஓட்டமுமாக எங்கள் கேட்டுக்கு வந்தபோது மணி ஆறு இருபத்து மூன்று.

கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் வந்த பெண்கள் எல்லாம் சேர்ந்து நாற்பத்தோரு பேர் வெளியே நின்றார்கள். செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் சின்னக் கதவைத் திறந்தார்.

"நீங்க வாங்க சார். இவங்கள வுட முடியாது."

"ஏன்யா விட முடியாது?"

அவர் கதவில் ஒட்டியிருந்த சர்க்குலரைக் காட்டினார். "நீங்கதான சார் கையெழுத்து போட்டுக்கீறீங்கோ."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அசிங்கப்பட்டதில்லை. உள்ளே போகாமல் நானும் வெளியிலேயே நின்றேன். நிற்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பாதி லைன் ஓடவில்லை என்று தகவல் போய், பத்து நிமிடத்தில் ஜானகிராமனே கேட்டுக்கு வந்துவிட்டார்.

"கோகுல், நீங்க ஏன் வெளியில நிக்கறீங்க?"

"லேட் சார்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேம்புலி நோட்டைத் திறந்து காட்டினார். எந்த ஸ்டாப், எத்தனை மணி வண்டி, எங்கே மாறுவது, எத்தனை நிமிடம் நிற்பது என்று எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. நாற்பத்தோரு பேருக்கும். வேன் இல்லாமலே ஆறரைக்குள் எல்லோரும் வந்துவிட முடியும். ஆறு மணிக்கு ஒருவராலும் முடியாது. ஜானகிராமன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்க எல்லாம் வேலைய விட்டா, அந்த இடத்துக்கு ஆள் கொடுக்கப்போறது நீங்கதானே? நாற்பத்தோரு கமிஷன். இப்ப இருக்கற நிலைமையில உங்களுக்கு அது பெரிய தொகை. நீங்க ஏன்யா வந்து சண்டை போடறீங்க?"

நானும் அதையேதான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது யோசித்திருந்தேன்.

"கரீட்டுதான் சார் நீங்க சொல்றது. கணக்கு போட்டுப் பாத்தேன், இல்லன்னு சொல்லல. ஒரு வருசம் ஓடிரும்" என்றார் வேம்புலி. "ஆனா இவங்க ஊட்டுக்கெல்லாம் போய், ரெண்டரைக்கு வேல வுடும், ஆறரைக்குப் போனா போதும்னு சொன்னது நான் சார். நீங்க டைம மாத்தினா அங்க போய்ச் சொன்னவன்தான பொய்க்காரன்? அப்பால நான் எந்த ஊட்டு வாசல்ல போய் நிப்பேன்?"

அகல்யா குறுக்கே புகுந்தாள். "சார், சம்பளம் ஏறினதும் எங்க மாமியாரே ‘வேலய வுடாத’ன்றாங்கோ. மொத தடவையா சொல்றாங்கோ. நாங்க யாரும் வேலய வுட்டுப் போறதா இல்ல சார்."

ஜானகிராமன் நோட்டை மூடி வேம்புலியிடம் கொடுத்தார். வேன் நின்றது நின்றதுதான், ஷிப்ட் பழையபடி ஆறரை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் என் சர்க்குலரை நானே கிழித்தேன். செக்யூரிட்டிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

இரவுப்படி மிச்சமாகவில்லை. ஆனால் அந்த நாற்பத்தோரு பேரில் ஒருவரும் வேலையை விடவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, நான்கு மாதம் ஆனது. பூந்தமல்லி ரூட்டில் மட்டுமில்லை, வேம்புலி சேர்த்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. பதினொரு வருடத்தில் நான் பார்க்காத விஷயம். மாதாந்திர அறிக்கையில் 'விலகியோர்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டபோது, தப்பாகப் போட்டுவிட்டேனா என்று தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

அந்த பூஜ்யம்தான் வினையானது. ஆள் யாரும் போகவில்லை என்றால் ஆள் சேர்க்கும் ஏஜென்சி எதற்கு என்று தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புத்திசாலி கேட்டிருக்கிறார். வி.பி. மேன்பவருடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்படி எனக்கு மெயில் வந்தது. ஜானகிராமன் இரண்டு முறை பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. கடிதத்தை நான்தான் தயார் செய்ய வேண்டும், நான்தான் கையில் கொடுக்க வேண்டும்.

தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. ஆவடிக்கு நானே போனேன். மாடியறையில் வேம்புலியும் பொன்னம்மாளும் இருந்தார்கள். மேஜை மேல் போன் சும்மா கிடந்தது. எங்கள் கம்பெனி ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒப்பந்தம் என்பது எனக்குத் தெரியும். அவர் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். 'தங்கள் சேவை இனித் தேவைப்படாததால்' என்று எழுதியிருந்தேன். எல்லாக் கம்பெனியும் எல்லோருக்கும் எழுதுகிற வரி அது.

பொன்னம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் என்னால் நிமிர முடியவில்லை.

"மன்னிச்சிருங்க அண்ணே" என்றேன். "நீங்க பண்ணின நல்லதுக்கு இந்தக் கம்பெனி பண்றது அநியாயம். என்னால தடுக்க முடியல."

வேம்புலி கடிதத்தை மேஜையில் வைத்து நீவினார்.

"உன்னிய ஒண்ணும் சொல்லல சார். இதுல ஒரு வரி மட்டும் மாத்திக் குடுப்பியா?"

"என்ன வரி?"

"சும்மா ‘தேவைப்படல’ன்னு போட்டா, இவன் ஏதோ திருட்டு வேல பண்ணிட்டான், தொரத்திட்டாங்கோன்னு நெனைப்பாங்கோ. ஏன் தேவைப்படலன்னு போடு. இவன் சேத்த ஆளுங்க யாரும் போகல, அதனால இவன் தேவைப்படலன்னு போடு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கீழே கடைக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் கடிதத்தை மறுபடி அடித்தேன். அவர் பக்கத்தில் நின்று சொன்னார். 'தங்கள் மூலம் பணியில் சேர்ந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் கடந்த நான்கு மாதங்களில் எவரும் விலகாத காரணத்தால், தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை.' இப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. தலைமை அலுவலகம் பார்த்தால் என்னைக் கேள்வி கேட்கும். கேட்கட்டும் என்று கையெழுத்துப் போட்டு, பையில் எப்போதும் இருக்கும் கம்பெனி ரப்பர் ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்தேன். அவர் அதை மார்போடு பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். நான் பைக்கைக் கிளப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. என்ன முகத்தோடு செய்வது?

போன வாரம் ஒரு போன் வந்தது. சுரேகா என்று ஒரு பெண். பூந்தமல்லிப் பக்கம் பொருட்களைப் பிரித்து பேக் செய்து அனுப்பும் பெரிய கிடங்கு ஒன்றில் என்னைப் போலவே ஆள் விவகாரம் பார்க்கிறவர். குரலில் என்னுடைய அதே எரிச்சல் இருந்தது.

"சார், எங்களுக்கு சம்பளச் செலவு கழுத்த நெரிக்குது. ஆள் எடுத்து, பழக்கி, பதினஞ்சு நாள்ல அவங்க ஓடிப் போனா இப்ப கட்டுப்படியாகல. அதனால ஏஜெண்ட் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசிட்டிருக்கேன். ஒருத்தர் வந்து நிக்கறார் சார், வேம்புலின்னு. உங்க கம்பெனி அவர வேண்டாம்னு அனுப்பின லெட்டர லேமினேட் பண்ணிக் கொண்டாந்து என் டேபிள்ல வெச்சிருக்கார். வேலைய விட்டு எடுத்த லெட்டர யாராவது லேமினேட் பண்ணுவாங்களா?"

"அவர் பண்ணுவார்" என்றேன்.

"அது மட்டுமில்ல சார். ஆள் சேரும்போது கமிஷனே வேணாம்ங்கறார். ஆறு மாசம் கழிச்சு, யார் யார் இருக்காங்களோ அவங்களுக்கு மட்டும் குடுங்க, போதும்ங்கறார். அதுவரைக்கும் இந்த ஆள் எதச் சாப்பிடுவார்? எனக்கு ஒண்ணும் புரியல. இதுல எழுதியிருக்கறது உண்மையா?"

அந்த ஆறு மாதத்தை எப்படிச் சமாளிப்பார் என்று எனக்கும் தெரியாது. பொன்னம்மாளுக்குத் தெரிந்திருக்கும்.

"உண்மைதான் மேடம். அந்தக் கையெழுத்து என்னுடையது. எங்க கம்பெனி அவர நிறுத்தினதுக்கு வேற எந்தக் காரணமும் கிடையாது."

அந்தப் பெண், போனை வைக்காமலே, எதிரில் இருந்தவரிடம் பேசுவது கேட்டது.

"உட்காருங்க அண்ணா. அறுபது பேர் வேணும். எப்ப கொண்டுவர முடியும்?"

வேம்புலியின் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"மொதல்ல உங்க ஷிப்ட் எத்தினி மணிக்கின்னு சொல்லும்மா. அப்பால ஆளு சொல்றேன்."